வெளிநாட்டுக் கிளி வாங்கப் போகிறீர்களா?

கூண்டு பார்க்கும் முன் காகிதம் பாருங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், காக்கட்டூ எல்லாம், வன உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வளர்ப்பவர் மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். குஞ்சு பொரித்தாலும், பறவை இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையா? எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜெரிகரும் காக்கடீலும் அந்தப் பட்டியலில் இல்லை. புதிதாக வளர்ப்போருக்கு அவையே போதும்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டிக்குள் பறவையை ஒளித்துக் கொண்டுவருவது கடத்தல். முறையான இறக்குமதிக்கு உரிமம், சைட்டிஸ் அனுமதி, தனிமைப்படுத்தல் சோதனை எல்லாம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், மக்காவைப் பதிவு செய்து வளர்க்கலாம். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்தால் குற்றம்.