தாய்மார்களுக்கான முதல் முதலீட்டு நூல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தொடக்கநிலை முதலீட்டு நூல் என்பது, சேமித்த பணத்தை எங்கே வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, அதற்கு என்ன செலவாகும், எவ்வளவு இழக்க நேரலாம் என்பதை முன்பின் அறியாத ஒருவருக்குச் சொல்லித்தரும் நூல். வேலையும் வீடும் பிள்ளைகளும் சேர்ந்து நாளை நிரப்பிவிடும் பெண்களுக்கு இத்தகைய நூல் மிகவும் உதவும். ஆனால் எந்த நூலை எடுப்பது, அதிலிருந்து என்ன எதிர்பார்ப்பது என்பது பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள் சில அவர்களைப் பொருந்தாத நூல்களிடம் அனுப்புகின்றன. வேறு சில, நூலைத் தொடவே விடுவதில்லை.

நம்பிக்கை: சந்தையை நாள் முழுக்கக் கவனிக்க நேரமில்லாதவர் முதலீட்டு நூல் படித்துப் பயனில்லை.

உண்மை: அடிக்கடி வாங்கி விற்பவரை விட, வாங்கியதை விட்டுவைப்பவருக்கே பெரும்பாலும் மிச்சம் அதிகம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் இருவரும் 1991 முதல் 1997 வரை ஒரு தரகு நிறுவனத்தின் 35,000க்கும் மேற்பட்ட குடும்பக் கணக்குகளை ஆராய்ந்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்கள் பெண்களை விட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றனர். அந்தப் பரபரப்பால் ஆண்டுக்கு ஆண்கள் இழந்தது 2.65 சதவீதப் புள்ளி. பெண்கள் இழந்தது 1.72. இரு தரப்பும் இழந்திருக்கிறது. குறைவாகக் கை வைத்தவர்கள் குறைவாக இழந்திருக்கிறார்கள்.

ஆகவே நேரமின்மை இங்கே பெரிய குறையல்ல. மாதம் ஒரு முறை தானாகவே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் எஸ்.ஐ.பி.யும், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டும் இப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தும். சாதாரண முதலீட்டாளருக்கான இண்டெக்ஸ் ஃபண்டை 1976இல் தொடங்கிய ஜான் போகிள், 2007இல் எழுதிய சிறு நூலில் வலியுறுத்துவதும் இதையே: செலவைக் குறை, சந்தை முழுவதையும் வாங்கு, விட்டுவை. நாள்தோறும் திரையைப் பார்க்கச் சொல்லும் டிரேடிங் நூல்கள் முற்றிலும் வேறு வகை. இந்தியாவில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில் நட்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் கணக்குக் காட்டியது. ‘வீட்டிலிருந்தே தினமும் சம்பாதிக்கலாம்’ என்று இல்லத்தரசிகளைக் குறிவைத்து எழுதப்படும் நூல் எதுவாயினும், அதை வாங்கும் முன் இந்த எண்ணை நினைவில் கொள்வது நல்லது.

நம்பிக்கை: உலகப் புகழ்பெற்ற நூல்தான் முதல் நூலாக இருக்க வேண்டும்.

உண்மை: புகழ்பெற்ற நூல்கள் சில முதல் நூலாக எழுதப்பட்டவையே அல்ல. பெஞ்சமின் கிரஹாமின் ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ 1949இல் வெளிவந்து, 1973இல் அவராலேயே கடைசியாகத் திருத்தப்பட்டது. அதில் பல பக்கங்கள் அன்றைய அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகளை அலசுபவை. முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர் பாதியில் மூடிவைத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரன் பஃபெட் தம் முன்னுரையில் குறிப்பாகப் படிக்கச் சொல்வது 8ஆம், 20ஆம் அத்தியாயங்களை. முன்னது சந்தை ஏறி இறங்கும்போது மனத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும், பின்னது விலைக்கும் மதிப்புக்கும் இடையே பாதுகாப்பு இடைவெளி விடுவதையும் சொல்கின்றன. பெரிய இழப்பும் கூடாது, ஓயாத கவலையும் கூடாது என்று நினைக்கும் முதலீட்டாளரை கிரஹாம் தனி வகையாகவே பிரித்து, அவருக்கு எளிய விதிகளைத் தருகிறார். பங்கும் கடன் பத்திரமும் ஒவ்வொன்றும் 25 சதவீதத்துக்குக் குறையாமலும் 75க்கு மிகாமலும் இருக்கட்டும் என்பது அவற்றில் ஒன்று. நேரமில்லாத தாய்க்கு அந்தப் பகுதி மட்டுமே போதும்.

1997இல் வந்த ராபர்ட் கியோசாகியின் ‘ரிச் டாட் புவர் டாட்’ இன்னொரு வகை. பணத்தைப் பற்றி யோசிக்கத் தூண்டும் நூல் அது. எந்தக் கணக்கைத் திறப்பது, எவ்வளவு போடுவது என்ற வழிமுறை அதில் கிடைக்காது. கடன் வாங்கி வீட்டுமனையில் முதலீடு செய்வதை அது பேசும் தொனி, ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

நம்பிக்கை: அமெரிக்க நூலைத் தமிழில் படித்தால் அது நமக்கான நூலாகிவிடும்.

உண்மை: மொழி மாறினாலும் சட்டம் மாறுவதில்லை. அமெரிக்க நூல்கள் சொல்லும் ஓய்வூதியக் கணக்குகளும் வரிச் சலுகைகளும் இந்தியாவில் இல்லை. இங்கே உள்ளவற்றை அந்த நூல்கள் அறியா. 10 வயது நிறையாத பெண் குழந்தையின் பெயரில் தொடங்கும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2015இல் வந்த இத்திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.250 முதல் ரூ.1.5 லட்சம் வரை 15 ஆண்டுகள் செலுத்தலாம். கணக்கு தொடங்கி 21 ஆண்டில் முதிர்வடையும். பெண் குழந்தையின் தாய் முதலில் அறிய வேண்டிய திட்டங்களில் ஒன்றான இது, எந்த அமெரிக்க நூலின் மொழிபெயர்ப்பிலும் இராது.

வருமானச் சேர்ப்பு விதியும் அப்படித்தான். கணவர் பரிசாகக் கொடுத்த பணத்தை மனைவி தம் பெயரில் முதலீடு செய்தால், அதில் வரும் வருமானம் வரிக்கணக்கில் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். 18 வயது நிறையாத பிள்ளையின் பெயரில் போட்ட வைப்பின் வட்டி, பொதுவாகப் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும். ‘வரி மிச்சமாகும்’ என்ற நினைப்பில் பிள்ளைகள் பெயரில் எஃப்.டி. போடும் குடும்பங்கள் ஏராளம். இந்த விதியைச் சொல்லும் ஒரு பத்தி இருக்கிறதா என்று பார்த்தே ஒரு இந்திய நூலின் தரத்தை ஓரளவு மதிப்பிட்டுவிடலாம்.

தமிழில் நல்ல நூல் இல்லை என்ற குறையும் சரியல்ல. சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ வரிசையில், பங்குச்சந்தையின் அடிப்படைகளைச் சொல்லும் முதல் பாகம் பேச்சு நடைக்கு நெருக்கமான மொழியில் எழுதப்பட்டது. பங்கு என்றால் என்ன, டீமேட் கணக்கு எதற்கு என்பது முதல் அது தொடங்குகிறது. அதே வரிசையில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பற்றியும் டிரேடிங் பற்றியும் வந்த பாகங்கள் தொடக்கநிலைக்காரருக்கு அவசியமில்லை. ஆங்கிலம் தடையில்லாதவர்களுக்கு மோனிகா ஹலன் 2018இல் எழுதிய ‘லெட்ஸ் டாக் மனி’ இந்தியக் குடும்பத்தின் வரவு செலவிலிருந்தே தொடங்கி, அவசரகால நிதி, காப்பீடு, அதன் பிறகே முதலீடு என்று வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசை முக்கியம்.

நம்பிக்கை: பெண்களே எழுதிய, லட்சக்கணக்கில் விற்ற, அட்டையில் லாப விகிதம் போட்ட நூல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

உண்மை: இதற்கு மறக்கக் கூடாத ஒரு பதில் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1983இல் பெண்கள் சிலர் முதலீட்டு மன்றம் ஒன்றைத் தொடங்கினர். பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள். மாதம் கூடி, ஆளுக்குச் சிறு தொகை போட்டு, நிறுவனங்களைப் பற்றிப் படித்துப் பங்குகளைத் தேர்ந்தெடுத்தனர். 10 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 23.4 சதவீதம் லாபம் கண்டதாகக் கூறி 1990களின் நடுவில் அவர்கள் வெளியிட்ட நூல் அமோகமாக விற்றது. தொலைக்காட்சிகள் அவர்களைக் கொண்டாடின. 1998இல் சிகாகோ இதழ் ஒன்று அந்தக் கணக்கைக் கேள்வி கேட்டது. உறுப்பினர்கள் செலுத்திய மாதச் சந்தாவும் லாபத்தோடு கலந்திருந்தது. பிறகு தணிக்கை நிறுவனம் கணக்கிட்டபோது உண்மையான சராசரி 9.1 சதவீதம் என்று தெரிந்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடு தந்தது 14.9 சதவீதம். எதையும் தேர்ந்தெடுக்காமல் குறியீட்டில் போட்டிருந்தாலே கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

அந்தப் பெண்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது. மாதந்தோறும் தவறாமல் போடுவது, வாங்கும் முன் நிறுவனத்தைப் பற்றிப் படிப்பது ஆகிய அவர்களின் பழக்கங்கள் இன்றும் நல்ல பழக்கங்களே. கணக்குதான் பிழை. அந்தப் பிழை எவருக்கும் நேரக்கூடியது. மாதம் ரூ.1,000 வீதம் ஓராண்டு போட்ட ஒருவரின் கணக்கில் இறுதியில் ரூ.12,500 இருந்தால், அவர் போட்டது ரூ.12,000, லாபம் ரூ.500 மட்டுமே. முதல் தவணை 12 மாதமும் கடைசித் தவணை ஒரு மாதமும்தான் உள்ளே இருந்தன என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு வீதம் ஏறத்தாழ 7.8 சதவீதம் வரும். தவணை முறையில் போடும் பணத்தின் வருமானத்தை இப்படிக் கணக்கிடச் சொல்லித்தரும் நூல், அட்டையில் பெரிய எண்ணைப் போட்ட நூலை விடப் பல மடங்கு மேலானது.

நம்பிக்கை: முதலீட்டு நூல் என்றால் பங்குச்சந்தை நூல். சீட்டும் நகையும் ஆர்.டி.யும் போடும் பெண்ணுக்கு அது எதற்கு?

உண்மை: சீட்டு போடும் பெண் ஏற்கெனவே முதலீட்டாளர்தான். நல்ல நூல் அவர் கையில் இருப்பதிலிருந்தே தொடங்கும். ஏலச்சீட்டு 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா, தள்ளுபடி போக உண்மையில் கிடைத்தது என்ன, நகையில் செய்கூலியும் சேதாரமும் எவ்வளவைத் தின்கின்றன, வங்கி திவாலானால் வைப்புக்கு ரூ.5 லட்சம் வரைதான் காப்பீடு என்பது தெரியுமா என்று அது கேட்கும். ‘பிள்ளையின் படிப்புக்கு’ என்ற பெயரில் விற்கப்படும் சேமிப்புடன் கூடிய பாலிசிகளைப் பற்றி நேராகப் பேசும் நூல் மிகவும் தேவை. சம்பாதிப்பவர் இறந்துவிட்டால் குடும்பத்தைக் காப்பது தொகை பெரிதான டேர்ம் இன்ஷூரன்ஸ். காப்பீட்டையும் சேமிப்பையும் ஒரே பாலிசியில் கலந்தால், செலுத்தும் பிரீமியத்தோடு ஒப்பிடுகையில் காப்பீட்டுத் தொகை மிகச் சிறிதாகிவிடுகிறது.

செலவைப் பற்றிய அத்தியாயமும் இருக்க வேண்டும். மாதம் ரூ.5,000 வீதம் 20 ஆண்டுகள் போட்டு ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைத்தால் ஏறத்தாழ ரூ.38 லட்சம் சேரும்; கட்டணத்தால் ஒரே ஒரு சதவீதம் குறைந்து 9 ஆனால் ரூ.33.4 லட்சம்தான். தரகர் கமிஷன் இல்லாத டைரக்ட் வகை மியூச்சுவல் ஃபண்டுகள் 2013 ஜனவரி முதல் இந்தியாவில் உள்ளன. இதைக் குறிப்பிடாத நூல், எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்ற சந்தேகத்தை எழுப்பும்.

நம்பிக்கை: பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றே.

உண்மை: கூட்டு வட்டியும் பொறுமையும் பற்றிய பக்கங்கள் பழசாவதில்லை, வரி பற்றிய பக்கங்கள் சீக்கிரமே பழசாகும். பங்கு சார்ந்த முதலீட்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரும் லாபத்துக்கு ரூ.1 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் என்றிருந்த வரி, 2024 ஜூலை 23 முதல் ரூ.1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதமானது. 2023 ஏப்ரல் முதல் வாங்கிய கடன் ஃபண்டுகளுக்கு, நீண்ட காலம் வைத்திருந்தால் கிடைத்த பழைய வரிச் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80சி கழிவும் கிடையாது. ஆகவே 2024 ஜூலைக்கு முந்தைய பதிப்பு கையில் இருந்தால், வரி அத்தியாயத்தைத் தாண்டிப் படிக்கலாம்.

நம்பிக்கை: நூலை முழுதும் படித்து முடித்த பிறகே தொடங்க வேண்டும்.

உண்மை: அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு 10 பக்கம் என்ற வேகத்தில் 200 பக்க நூல் மூன்று வாரத்தில் முடியும். அதற்குள் ஒரு அவசரகால நிதிக் கணக்கைத் தொடங்கிவிடலாம். சந்தையில் போடும் பணத்தை மட்டும் ரிஸ்க் பற்றிய அத்தியாயத்தைப் படித்த பின் தொடங்குவது சரி.

நம்பிக்கை: கணவர் படித்தால் போதும், கணக்குகளை அவர் பார்த்துக்கொள்வார்.

உண்மை: கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கு மட்டும் தெரிந்த குடும்பத்தில், அவர் திடீரென்று இறந்தால் பணம் இருந்தும் கைக்கு வராமல் போகும். 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் கீழ் உள்ள நிதிக்கு மாற்றப்படுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே 2023இல் உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர் மட்டுமே. அது யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ தீர்மானிக்கும். கணவர் தம் பெயரிலான டேர்ம் பாலிசியை 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தால், அந்தத் தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. பொதுவாக அவருடைய கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. விண்ணப்பிக்கும்போதே அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்து கடன் வாங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இது மிகவும் தேவையான செய்தி. கடையில் ஒரு நூலைப் புரட்டும்போது நாமினி, உயில், கூட்டுக் கணக்கு ஆகியவற்றுக்கு ஓர் அத்தியாயமாவது ஒதுக்கியிருக்கிறதா என்று உள்ளடக்கப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.