டிஎன்ஏ துண்டுகள் ஒட்டவில்லையா?

ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி பிரைமர் வடிவமைத்து, இரண்டு டிஎன்ஏ துண்டுகளை பிசிஆரிலேயே ஒன்றாக்கும் முறை 1989இலிருந்து புழக்கத்தில் உள்ளது. ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியும் வேண்டாம், லைகேஸும் வேண்டாம். ஆனால் ஜெல்லில் பேண்ட் வராவிட்டால், உடனே இயந்திரத்தின் வெப்பநிலையை மாற்றத் தொடங்கிவிடுகிறோம். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, துண்டுகளைத் தயாரித்த கட்டத்தில் நடந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

• முதல் பிசிஆரில் வந்த துண்டுகளை ஜெல்லில் ஓட்டி, வெட்டியெடுத்துச் சுத்தம் செய்யுங்கள். உள்பக்க பிரைமர்கள் மிச்சமிருந்தால், துண்டுகள் சேராமல் தனித்தனியாகவே பெருகும்.

• இரு துண்டுகளையும் எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில் சமமாகச் சேருங்கள். 1000 கார இணைத் துண்டில் 100 நானோகிராம் எடுத்தால், 300 கார இணைத் துண்டில் 30 போதும். அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். நானோடிராப் ஒன்று சொல்லி, ஜெல் பேண்டின் பருமன் வேறொன்று சொன்னால் நான் ஜெல்லையே நம்புவேன்.

• பொருந்தும் பகுதி 20 முதல் 30 கார இணை நீளம் இருக்கட்டும்; அதன் உருகுநிலை 60 டிகிரிக்குக் குறைய வேண்டாம்.

• துண்டுகளை இணைக்கும் பிசிஆரில், தொடக்கத்து 5 முதல் 10 சைக்கிள்களை வெளிப்பக்க பிரைமர்கள் இல்லாமல் ஓட்டுங்கள். அப்போது துண்டுகளே ஒன்றுக்கொன்று பிரைமராகி முழு நீள டிஎன்ஏவை உருவாக்கும். பிறகு பிரைமர்களைச் சேர்த்துப் பெருக்கலாம்.

• ஒவ்வொரு துண்டும் தனியாக உள்ள குழாய்களையும், டிஎன்ஏவே இல்லாத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள். தனித்துண்டுக் குழாயிலும் முழு நீள பேண்ட் வந்தால், பழைய டெம்ப்ளேட் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மரபணுவில் மாற்றம் புகுத்துபவர்களுக்கு இது பெரிய தொல்லை: மாறாத பழைய மரபணுவே பெருகிவரும். டெம்ப்ளேட் வழக்கமான ஈ.கோலையில் வளர்த்த பிளாஸ்மிட் என்றால், ஜெல்லுக்கு முன் டிபிஎன்-1 நொதியால் அதைச் செரித்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• துண்டுகளைத் தயாரிக்க வெறும் டாக் பாலிமரேஸ் வேண்டாம். அது 3' முனையில் கூடுதலாக ஓர் ‘ஏ’ சேர்க்கும். முனை பொருந்தாவிட்டால் அங்கிருந்து இழை நீளாது. பிழை திருத்தும் பாலிமரேஸ் பயன்படுத்துங்கள்.

• ஜெல்லை வெட்டும்போது குறுகிய அலைநீளப் புறஊதா ஒளியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள். டிஎன்ஏ சிதையும். நீல ஒளி இருந்தால் நல்லது.

• பேண்ட் மங்கல் என்று சைக்கிள்களைக் கூட்டாதீர்கள். இழுவிய தீற்றல்தான் மிஞ்சும். டிஎன்ஏவை அள்ளிப் போட்டாலும் அதே கதை.

• 260/230 விகிதம் குறைவாக இருப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். சுத்திகரிப்பு கிட்டிலிருந்து வந்த குவானிடின் உப்பாக இருக்கலாம். அடுத்த முறை கழுவும் கரைசலை இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

• டிஎம்எஸ்ஓவை எல்லாவற்றுக்கும் சேர்க்காதீர்கள். ஜிசி மிகுந்த டெம்ப்ளேட்டுக்கு 3 சதவீதத்தில் தொடங்கிப் பார்க்கலாம். பிரைமர் ஒட்டும் வெப்பநிலையைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும்.

• சரியான அளவில் பேண்ட் வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். நீள பிரைமர்களில் ஓர் எழுத்து விடுபட்டு வருவதுண்டு. ஜெல்லில் அது தெரியாது. இணைப்புப் பகுதியை வரிசைப்படுத்திப் பார்த்த பிறகே அடுத்த சோதனைக்கு எடுங்கள்.