லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க் தெரியவில்லையா? புது டிஸ்க் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதனால் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் என்ன என்று பலரும் யோசிக்கிறார்கள். நம் மாநிலத்துக்கு லினக்ஸ் புதுசு இல்லை. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் நன்றாக ஓடும். ஆனால் எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் பக்கத்தில் சிலருக்கு டிஸ்க்கே காட்டாது. "டிஸ்க் போச்சு" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் வழக்கம்போல் திறக்கிறதா? அப்படியானால் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு.

ஏன் தெரியவில்லை?

டிஸ்க்கைக் கையாளும் பாகத்துக்கு ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் என்று பெயர். அதோடு பேச ஒரு டிரைவர் தேவை. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். எனவே முதலில் லினக்ஸின் அண்மைப் பதிப்பை டவுன்லோடு செய்து பாருங்கள். 11-ம் தலைமுறை இன்டெல் முதல் வரும் 'வி.எம்.டி' வசதிக்கான டிரைவர் புதிய கெர்னல்களில் உண்டு.

அப்படியும் தெரியாவிட்டால், லேப்டாப் 'ரெய்டு' அல்லது 'ஆர்.எஸ்.டி.' மோடில் இருக்கலாம். அந்த மோடில் என்.வி.எம்.இ. வகை டிஸ்க் கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்துவிடும். 'ஏ.எச்.சி.ஐ.' மோடுக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும்.

மாற்றும் முறை

மோடை நேரடியாக மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் போகலாம். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. போட்டோ, சான்றிதழ், பத்திர நகல் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

2. பிட்லாக்கர் இயங்கினால், அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். பலருக்கு அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனிலேயே பார்க்கலாம். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

3. விண்டோஸில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, 'பூட்' பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். சேஃப் மோடில் பின் எண் ஏற்காமல் போகலாம். கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும்.

4. ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போங்கள். எஃப்2, எஃப்10, டெலீட் என கம்பெனிக்கு ஒரு பட்டன் இருக்கும். இப்போதுள்ள அமைப்பைப் போனில் போட்டோ எடுத்துவிட்டு, ஸ்டோரேஜ் மோடை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றி சேவ் செய்யுங்கள்.

5. விண்டோஸ் சேஃப் மோடில் திறந்து, புது டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். 'சேஃப் பூட்' டிக்கை நீக்கி மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விண்டோஸ் சரியாகத் திறந்தால், பென் டிரைவைப் போட்டு லினக்ஸ் நிறுவலைத் தொடங்கலாம். இப்போது டிஸ்க் காட்டும். திறக்காவிட்டால் பதற வேண்டாம். போட்டோவைப் பார்த்துப் பழைய மோடுக்கே மாற்றினால் பழையபடி வரும்.

கவனிக்க

இரண்டு டிஸ்க்கை ஒன்றாக இணைத்து உண்மையிலேயே ரெய்டு பயன்படுத்துபவர்கள் இந்த மாற்றத்தைச் செய்யக்கூடாது; தகவல்கள் கைவிட்டுப் போகலாம். ஆப்டேன் மெமரி இருந்தால் அதை முதலில் விண்டோஸிலேயே நிறுத்த வேண்டும். நிறுவலின்போது 'முழு டிஸ்க்கையும் அழி' என்பதைத் தேர்வு செய்தால் விண்டோஸும் ஃபைல்களும் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

கடையில் கொடுத்துச் செய்தாலும், டிஸ்க்கை மாற்றச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பயாஸில் ஸ்டோரேஜ் மோடு பார்த்தீங்களா?"