லாச்சிக்குள் போன கேஜ்

அன்புள்ள தம்பி,

சங்கத்தின் பனிக்கால மலரில் நீர் எழுதிய ‘நானே பூட்டிய வின்ரர் சில்லு’ கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சந்தோசத்தோடு. இரண்டாம் தரம் சிவப்புப் பேனையோடு. மொன்றியலில் முப்பது வருசத்துக்கு மேல் கராஜ்களில் முதுகு வளைத்தவன் நான். ஒரு பொடியன் கார்ச் சில்லைப் பற்றித் தமிழில் எழுதினால் சும்மா விடுவேனா?

ஜக்கை எங்கே கொடுப்பது, நட்டுகளை எந்த ஒழுங்கில் இறுக்குவது, நூறு கிலோமீற்றர் ஓடியபின் ரோர்க் றெஞ்சைத் திரும்ப வைத்துப் பார்ப்பது எல்லாம் உமக்குத் தெரியும். அதை நான் தொடவில்லை. நேரே என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

“சில்லுக்குள் காற்றழுத்தச் சென்சர் பூட்டியாயிற்று, இனி காற்றைக் கார் பார்த்துக்கொள்ளும், காற்று அளக்கும் கேஜை லாச்சிக்குள் போட்டுவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர். அடுத்த பந்தியிலேயே, மூன்றாம் நாள் காலையில் மைனஸ் 28 குளிருக்குள் மஞ்சள் விளக்கு எரிந்ததாம், பத்து நிமிசம் ஓடியதும் தானாக அணைந்ததாம், ஆகவே மலிவுச் சென்சர் பொய் சொல்கிறதாம்.

தம்பி, அந்தச் சென்சர் சொன்னது முழு உண்மை. காற்று அடித்தது எங்கே? மாமாவின் சூடேற்றிய கராஜில். நீரே எழுதியிருக்கிறீர், உள்ளே 20 பாகை, ரீசேர்ட்டோடு நின்று வேலை செய்தேன் என்று. கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் 33 பிஎஸ்ஐ என்று இருக்க, நீர் 32 அடித்துவிட்டு “ஒன்று குறைந்தால் என்ன” என்று விட்டிருக்கிறீர். இப்போது கணக்கைப் பாரும். வெப்பநிலை ஆறு பாகை இறங்கினால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும். 20இல் இருந்து மைனஸ் 28க்கு 48 பாகை. எட்டுப் பிஎஸ்ஐ போய்விட்டது. மிச்சம் 24. அந்த விளக்கு எரிய வேண்டிய இடம் சீட்டில் உள்ள அளவில் கால்வாசி குறையும்போது, அதாவது 25க்குக் கொஞ்சம் கீழே. எரியாமல் என்ன செய்யும்? ஓட ஓட ரயர் சூடாகி, உள்ளிருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறியதால் அணைந்தது. அதைப் போய்ப் பொய்யன் என்கிறீரே.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. உமது ரயரில் 27 இருந்திருந்தால் விளக்கு எரிந்திருக்காது. 27இல் பனிக்காலம் முழுவதும் ஓடியிருப்பீர், ரயரின் இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கும், பெற்றோலும் கூடக் குடித்திருக்கும், நீரோ எல்லாம் சரி என்று நினைத்திருப்பீர். விளக்கு எரியாதபடியால் காற்றுச் சரி என்று எந்தக் கார்க்காரனும் எழுதித் தரவில்லை. அமெரிக்காவில் ஃபயர்ஸ்ரோன் ரயர்கள் பிய்ந்து ஃபோர்ட் எக்ஸ்புளோரர்கள் குடைசாய்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தபிறகுதான் இந்த விளக்குக்கு வழிவைத்த 2000ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2008 மொடல்களில் இருந்து அங்கே எல்லாக் கார்களுக்கும் இந்த விளக்குக் கட்டாயம். ஆபத்து நெருங்கும்போது கத்துவதற்காக வைத்தது. தினசரிக் கணக்குப்பிள்ளை வேலை அதற்கு இல்லை. கனடாவில் அதுவும் கட்டாயமில்லை. இங்கே கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் போடாவிட்டால் தண்டம் எழுதுவான். அந்த ரயருக்குள் எவ்வளவு காற்று என்று ஒருவனும் கேட்கமாட்டான்.

என் ஐயா சுன்னாகத்தில் ஒரு மொறிஸ் மைனரை வாடகைக்கு ஓடினவர். விடியப்புறம் நாலு ரயரையும் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். பின் இடதுபக்கம் எப்பன் குறைவு என்பார். கால்பம்பை மிதிப்பது என் வேலை. அவருடைய விரல் பிழைத்து நான் கண்டதில்லை. 1988 தையில் இங்கே வந்து, பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரு அண்ணையின் பழைய கார் வழுக்குகிறதென்று, நானும் பெரிய மனிசன் மாதிரி ரயரில் பெருவிரலை வைத்து அமத்தினேன். கல். நாலும் கல். “அண்ணை, காற்று நல்லாய் இருக்கு” என்றேன். பெற்றோல் செற்றில் அளந்தபோது ஒன்றில் 14. குளிரில் றப்பரே விறைத்துக் கிடக்கிறது, விரலுக்கு என்ன தெரியும்? என்னுடைய விரலும் மரத்துப் போயிருந்தது என்பது வேறு கதை. அன்றைக்கு வாங்கின கேஜ் இப்போதும் என் கார்க் கதவுப் பையில் கிடக்கிறது. கண்ணாடி கீறிப்போய்விட்டது, முள் சரியாக நிற்கிறது.

ஆகவே லாச்சியைத் திறந்து அந்தக் கேஜை எடும். காரை ஒரு இரவு வெளியில் விட்டு, காலையில் ஓட முன்னம் அளந்து அடியும். கை விறைக்கும். விறைக்கட்டும்.

புகழவும் வேண்டும், அதை மறைக்க மாட்டேன். ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிறசால் தேய்க்கும் பகுதியை, கறள் செதில் செதிலாகக் கொட்டி மாமாவின் வெள்ளைத் தரை சிவந்ததை எழுதியிருக்கிறீரே, அதை வாசித்தபோது என் மூக்கில் கறள் மணத்தது. கறளுக்கு மேல் றிம்மைப் பூட்டி, பிறகு நட்டு இளகிவிட்டதென்று வந்து நின்ற எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன். ஸ்ரட்டில் கிறீஸ் பூசாமல் விட்டதற்கும் உமக்கு ஒரு கும்பிடு. கோடைச் சில்லுகளின் சென்சர் இலக்கங்களை வாசித்து அதே இலக்கங்களைப் புதுச் சென்சர்களில் எழுதி, சில்லு மாறினதே காருக்குத் தெரியாமல் செய்தீரே, அது எனக்கு வராத வித்தை. சென்சர் வந்த புதிதில் ரயர் மெசினில் அது இருக்கும் பக்கம் பாராமல் மிதித்து ஒன்றை உடைத்தேன். உள்ளே ‘டக்’ என்றது, இரண்டு நாள் சம்பளம் போயிற்று. ஆனால் சில கார்களில் சில்லுக்குள் சென்சரே கிடையாது, ஏபிஎஸ் மூலம் எந்தச் சில்லு கூடச் சுழல்கிறதென்று எண்ணித்தான் விளக்கை எரிக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உம்மை நம்பி எவனாவது தேவையில்லாமல் நாலு சென்சர் வாங்கியிருப்பான்.

கடைசியாக, மூன்றாவது படம். அதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதமே எழுத உட்கார்ந்தேன். வால்வுக்கு மேலே அது என்ன, மினுங்குகிற உலோக மூடி? வடிவுக்காகப் போட்டதா? சென்சரின் வால்வுத் தண்டு அலுமினியம். மூடி உள்ளே பித்தளை, மேலே பூச்சு. இரண்டு உலோகத்துக்கு இடையில் இந்த ஊர் றோட்டு உப்புத்தண்ணீர் போனால் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். பங்குனியில் மூடி தண்டோடு ஒட்டி ஒரே துண்டாகிவிடும். குறட்டால் பிடித்துத் திருகுவீர், தண்டு முறியும், காற்று ஒரே மூச்சில் வெளியே, சென்சர் குப்பையில். வால்வின் உள் ஊசிக்கும் இதே விதி: நிக்கல் பூசினதைத்தான் போடவேண்டும், வெறும் பித்தளையைப் போடக்கூடாது. பத்துச் சதப் பிளாஸ்ரிக் மூடி, உள்ளே ஒரு றப்பர் வளையம், அவ்வளவுதான் வேண்டியது. வேலை செய்த காலத்தில் உலோக மூடியோடு வந்த எல்லாக் கார்க்காரருடனும் சண்டை பிடித்திருக்கிறேன். “மூடி அங்கிள்” என்று பெயரும் வைத்தார்கள். வைக்கட்டும்.

சங்க அலுவலகத்தில் உமது பெயர் எழுதி ஒரு சின்ன உறை வைத்திருக்கிறேன். உள்ளே நாலு கறுப்புப் பிளாஸ்ரிக் மூடி. இந்தக் கிழமைக்குள் எடுத்து மாற்றும். பழைய மூடி கையால் கழரவில்லை என்றால் குறட்டைத் தொடாமல் காரோடு என்னிடம் வாரும்.

அன்புடன்,
ஒரு பழைய கராஜ்காரன்