செயற்கை என்றால் போலியா?

கேள்வி: 'செயற்கை' என்ற சொல் எப்படிப் பிறந்தது? செயற்கை என்றாலே போலி, கெடுதல் என்றுதானே பொருள்?

பதில்: சொல்லின் பிறப்பில் அந்தப் பழி இல்லை. 'இயல்' என்பதோடு 'கை' விகுதி சேர்ந்து இயற்கை ஆனது. 'செயல்' என்பதோடு அதே விகுதி சேர்ந்து செயற்கை ஆனது. தானாக இயல்வது ஒன்று, செய்ததால் வந்தது மற்றொன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் இந்த இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இயற்கைப் பொருளை உள்ளபடியே சொல்ல வேண்டும். செயற்கைப் பொருளை 'ஆயிற்று' போன்ற ஆக்கச் சொல்லோடு சொல்ல வேண்டும். அந்த ஆக்கத்துக்கு முன்னே காரணமும் வர வேண்டும். (பேச்சு வழக்கில் காரணத்தை விட்டுவிடுவது உண்டு என்றும் அந்நூலே ஒப்புக்கொள்கிறது.) இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு அருமையானது: எருவிட்டு, களையெடுத்து, நீர் பாய்ச்சியதால் நன்றாக விளைந்த பயிர். இன்று நாம் இயற்கையின் அடையாளமாகக் காட்டும் பசும்பயிரின் செழிப்பைத்தான் அவர்கள் செயற்கை என்றார்கள். அதில் இகழ்ச்சி துளியும் இல்லை. உழைத்த கையை மறக்காத கணக்கு அது.

போலியைச் சொல்ல நம் பேச்சில் தனிச் சொற்கள் இருக்கின்றன. தஞ்சாவூரின் ஆட்டம் பொய்க்கால் குதிரை, செயற்கைக்கால் குதிரை அல்ல. முலாம் பூசிய நகையைப் பெரும்பாலும் கவரிங் என்றே சொல்கிறோம். வைரத்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் கடும் அழுத்தமும் வெப்பமும் கொடுத்து வைரம் உண்டாக்கினார்கள். சுரங்க வைரத்தைப் போலவே அதுவும் கார்பன்தான். ஆகவே அது செயற்கை வைரம். நகைக்கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்பதோ சிர்கோனியம் ஆக்சைடு. வைரம் போல மின்னும், வைரம் அல்ல. போலி என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும்.

'செயற்கையான சிரிப்பு', 'செயற்கையான வசனம்' என்று குறையாகத்தானே பேசுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த வழக்கும் தவறல்ல. ஆனால் அங்கே குறை எதனால் வருகிறது? சிரிப்பு தானாக வர வேண்டிய ஒன்று. அதைச் செய்து காட்டும்போது அதன் தன்மையே போய்விடுகிறது. செயற்கைக் கால் அப்படியல்ல. நடக்க வைப்பதுதான் அதன் வேலை, அதை அது உண்மையாகவே செய்கிறது. செயற்கைக்கோள், செயற்கைச் சுவாசம் என்னும்போது நாம் முகம் சுளிப்பதில்லை. ஆக, பழி அந்தந்தப் பொருளைப் பொறுத்து வருகிறது. செயற்கை என்ற சொல்லோடு ஒட்டிப் பிறந்ததல்ல.

இந்தக் குழப்பம் உணவு விஷயத்தில் ஆபத்தாகவே முடிகிறது. 'செயற்கையாகப் பழுக்க வைத்த மாம்பழம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறோம். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதும் செயற்கைதான். காயை வைக்கோலில் மூடிவைப்பதும் செயற்கைதான். பழுக்கும் காய் தானே வெளிவிடும் வாயு எத்திலீன். அறைக்குள் அதைப் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை செலுத்திப் பழுக்க வைக்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. கார்பைட் கல்லை வைப்பதோ குற்றம். அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்செனிக், பாஸ்பரஸ் நச்சுகளும் கலந்து வரக்கூடும் என்பதே தடைக்குக் காரணம். மறுபக்கம், அரளி விதை முழுக்க முழுக்க இயற்கை, உயிரையே எடுத்துவிடும். இயற்கையா செயற்கையா என்ற கேள்வி இங்கே உங்களைக் காப்பாற்றாது. தொல்காப்பியம் சொன்ன மாதிரி காரணத்தை முன்னே கொண்டுவர வேண்டும். அடுத்த முறை மாம்பழம் வாங்கும்போது, "செயற்கையா?" என்று கேட்காதீர்கள், "எதை வைத்துப் பழுக்க வைத்தீர்கள்?" என்று கேளுங்கள்.