உதவ ஓடும் முன் ஒரு கணம் நில்லுங்கள்

ஊரில் கிணற்றுக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்தார், அவருக்குப் பின் இறங்கியவரும் மீளவில்லை என்ற செய்தியை நம்மில் பலர் கேட்டிருப்போம். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் புகையோ, அடியில் தேங்கிய நச்சு வாயுவோ காரணமாக இருந்திருக்கும். முதலாமவரைக் கொன்றது வாயு. மற்றவர்களை அதற்குள் இறக்கியது பாசமும் பதற்றமும்.

நாம் வாழும் இந்த நாட்டிலும் இது நடக்கிறது. 2014 நவம்பர் 15 அதிகாலை, டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்கு அருகிலுள்ள லா போர்ட் நகரில், டுபான்ட் நிறுவனத்தின் பூச்சிமருந்துத் தயாரிப்புப் பிரிவில் மெதில் மெர்காப்டன் என்ற நச்சு இரசாயனம் கசிந்தது. நான்கு தொழிலாளர்கள் இறந்தனர். உதவி கேட்ட குரலுக்கு ஓடிச் சென்றவர்களும் அந்த நால்வரில் அடக்கம்.

நியூ ஜேர்சியில், 2012 நவம்பர் 30 அன்று போல்ஸ்பரோ நகரில் சரக்கு ரயில் தடம் புரண்டு வைனைல் குளோரைட் வாயு வெளியேறியது. தொழிலாளரையும் ஊராரையும் காப்பதற்கென உள்ள நடைமுறைகளைச் சம்பவத் தலைவர் பின்பற்றாததும் பாதிப்பைக் கூட்டியது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

நம் பிள்ளைகளும் சகோதரர்களும் மருந்துத் தொழிற்சாலைகளிலும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும், சிப் தயாரிப்பிலும், ஆய்வுகூடங்களிலும் வேலை செய்கிறார்கள். சிலர் தொண்டர் தீயணைப்புப் படையிலும் சேர்கிறார்கள். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

சட்டம் கேட்கும் பயிற்சி

1984 டிசம்பரில் போபாலில் நடந்த பேரழிவு அமெரிக்காவையும் உலுக்கியது. 1986-ல் வந்த சட்டம், தம் ஊரில் என்ன இரசாயனம் இருக்கிறது என்று அறியும் உரிமையை மக்களுக்குக் கொடுத்தது. அதே சட்டம் தொழிலாளர் பயிற்சிக்கும் விதி எழுதச் சொன்னது. ஓஷா எனப்படும் தொழில் பாதுகாப்பு நிர்வாகத்தின் அந்த விதி 1990 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 'ஹாஸ்வோப்பர்' என்று அழைப்பார்கள். அவசர நேரத்தில் செயற்படுவோரை அது ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது.

1. கசிவை முதலில் காணக்கூடியவர்: ஆபத்தை அடையாளம் கண்டு, விலகி நின்று, உரியவருக்கு அறிவிப்பதே இவர் வேலை. இத்தனை மணி நேரம் என்ற கணக்கு இல்லை. ஆனால் தகுதியை நிரூபிக்க வேண்டும்.

2. தற்காப்பு நிலை: குறைந்தது 8 மணி நேரம். பாதுகாப்பான தூரத்தில் நின்று பரவலைத் தடுக்கலாம். கசிவை நிறுத்த முயலக் கூடாது.

3. தொழில்நுட்பர்: குறைந்தது 24 மணி நேரம். கசியும் இடத்தை நெருங்கி அடைப்பவர் இவர்.

4. சிறப்பு வல்லுநர்: குறைந்தது 24 மணி நேரம். குறிப்பிட்ட இரசாயனம் பற்றிய ஆழ்ந்த அறிவும் தேவை.

5. சம்பவத் தலைவர்: குறைந்தது 24 மணி நேரம். கட்டளை இடுபவர்.

எல்லோருக்கும் ஆண்டுதோறும் மீள்பயிற்சியோ திறன் நிரூபிப்போ உண்டு. ஆபத்தான பகுதிக்குள் தனியாகப் போகக் கூடாது. இருவராகவே போக வேண்டும். வெளியே உதவிக்கு ஆட்கள் ஆயத்தமாக நிற்க வேண்டும். கணினியில் மட்டும் படித்துப் பெறும் சான்றிதழ் போதாது, கவசங்களைக் கையாண்டு பழக வேண்டும் என்பது ஓஷாவின் நிலைப்பாடு.

மருத்துவர் என்ற முறையில் நாம் சொல்வது

மூக்கை நம்ப வேண்டாம். அழுகிய முட்டை மணம் தரும் ஹைட்ரஜன் சல்பைட் அளவு கூடும்போது முகரும் நரம்பையே செயலிழக்கச் செய்கிறது. மணம் போய்விட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கார்பன் மொனொக்சைட்டுக்கோ மணமே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் தூக்கி வரலாம் என்று நினைப்பதும் தவறு. ஒருவரைத் தூக்கும்போது உடல் மூச்சு கேட்கும். முதல் மூச்சிலேயே கால் தள்ளாடலாம்.

விபத்தில் சிக்கியவர் நச்சில்லாத இடத்துக்கு வந்ததும் உடைகளைக் களைய வேண்டும். நச்சின் பெரும்பகுதி அதோடு நீங்கும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். அந்த உடையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது இரசாயனத்தின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். "ஏதோ புகை பட்டது" என்றால் எமக்குச் சிகிச்சை கடினம். சில வாயுக்களால் நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்தே தெரியும். இருமல் இலேசாக இருந்தாலும் காட்டிக்கொள்ளுங்கள்.

வேலைத்தலத்தில் கேட்க வேண்டியவை

கசிவு ஏற்பட்டால் நான் வெளியேறுபவனா, செயற்படுபவனா? செயற்படுபவன் என்றால் எந்த நிலைப் பயிற்சி, கடைசியாக எப்போது? இரசாயனப் பாதுகாப்புத் தாள்கள் எங்கே? வேலை போய்விடுமோ என்று நம்மவர்கள் இவற்றைக் கேட்கத் தயங்குவதுண்டு. தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.

அவசரத்துக்கு 911. நச்சு பற்றிய ஆலோசனைக்கு 1-800-222-1222.

இன்று இரவு உணவு மேசையில், தொழிற்சாலைக்குப் போகும் உங்கள் பிள்ளையிடம் முதற்கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், நாளை மேலாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில் கிடைக்கும்வரை, விலகி நின்று அறிவிப்பதுதான் அவர் செய்யக்கூடிய பேருதவி.