ஒருவர் எழுத, நால்வர் கையெழுத்து

கேள்வி: கல்லூரியில் குழுவாகச் செய்யச் சொன்னால் ஒரு மாணவரே எல்லாம் எழுதுகிறார், மற்ற நால்வர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது? – ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: பாடத்தையே பிரித்துக் கொடுத்துவிடுங்கள் அம்மா. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் செய்தது இதைத்தான். ஐந்து பேருக்கு ஐந்து துண்டு. முதலில், ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்து சேர்ந்து படிக்கட்டும். இந்தச் சுற்றை அவசரப்படுத்தாதீர்கள். கூச்சமுள்ள பிள்ளைக்குத் தைரியம் வருவது இங்கேதான். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். கடைசியில் முழுப் பாடத்துக்கும் தனித்தனித் தேர்வு. பக்கத்தில் இருப்பவன் வாய் திறந்தால்தான் தன் மதிப்பெண் தேறும் என்று தெரிந்ததும், “நீ சொல்லுடா” என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.